மகளிர் தினப் பேச்சு

"அநியாயம் மரகதம்! கல்யாணமாகாத பொண்ணு வயித்துல பிள்ளைன்னா அதுவே அத்தாட்சியாம். தண்டனை அவளுக்கு. கூட இருந்தவன் மறுத்துட்டா அவனை விட்டுடறாங்க!"

காலையிலிருந்து தண்டபாணி மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை த்ரீ கிங்ஸ் ஹாலில், அந்த வெளிநாட்டு ஊரின் தமிழ்ச் சங்கம் நடத்தும் மகளிர் தின விழா. சில நாடுகளில் இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்தில் பெண்கள் படும் பாடு பற்றி அவர்தான் சிறப்புப் பேச்சாளர். இதைப் பேச ஒரு பெண்கூடவா கிடைக்கவில்லை என்று மரகதம் கேட்டுப் பார்த்தாள். அவர் மேஜையை இன்னொரு குத்து குத்தினார்.

அப்பாவுக்கு ஸ்லைடு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மகன் ரிஷி, லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அப்பீல்ல சில பேருக்கு விடுதலை கிடைச்சிருக்கு. ஆனா அதுவரைக்கும் அவ பட்ட அவமானம்? ரிஷி, அந்த வரியைப் பெரிசா போடு."

"ஓகே டாட்."

மரகதத்துக்கு அலுத்துவிட்டது. "பேச்சு இருக்கட்டும். கீழ் ரூம்ல வாடகைக்கு இருக்காளே ரஷ்மி, அவ முழுகாம இருக்கா. காலையில எங்கிட்ட வந்து ஓன்னு அழுதுட்டா."

"என்னது! படிக்க வந்த பொண்ணா?" தண்டபாணி எழுந்தே விட்டார். "நாளைக்கே காலி பண்ணச் சொல்லு. நாலு தமிழ்க் குடும்பம் வந்து போற வீடு!"

"இப்பதான் செமஸ்டர் ஆரம்பிச்சிருக்கு. இந்த ஊர்ல அவளுக்கு யார் இருக்கா? எங்கே போவா?"

"அதை அவ முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

"யார் காரணம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எவனா இருந்தா நமக்கென்ன? வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கப்போறது அவதானே!"

மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நேரம் இந்த மனுஷன் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் யாருக்காக?

"ரிஷி, காது கேக்குதாடா? நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ரிஷி லேப்டாப்பை மூடினான்.

"டாட்... இட்ஸ் மீ. ரஷ்மியை அனுப்பாதீங்க, ப்ளீஸ். நாங்க ரெண்டு பேரும்..."

தண்டபாணி விழுந்தடித்துக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினார். மகன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வாயை மூடுடா! நாளைக்கு அவ போயிடுவா. யார் கேட்டாலும் நீ எதையும் ஒத்துக்காதே."