நிலுவை எதுவும் இல்லை

ஆமையின் பெயருக்கு நேரே திரையில் நிலுவை பூஜ்யம் என்று வந்ததும் அவள் இன்னொரு முறை சரிபார்த்தாள்.

பின்னால் நின்ற மேலாளர் கைதட்டினார். "பாரும்மா, நம்ம ஆமை முயலாயிடுச்சு! இந்த மாசப் பரிசு அவனுக்குத்தான்."

ஆமை என்பது அலுவலகம் அவனுக்கு வைத்த பெயர். அவன் எழுதும் கணினி நிரலில் பிழை இருக்காது. ஆனால் எடுத்த வேலை எதுவும் சொன்ன நாளில் முடியாது. எப்போது பார்த்தாலும் நாலைந்து வேலைகள் அவன் பெயரில் பாதியில் நிற்கும்.

இதையெல்லாம் பதிந்து வைக்கும் டேட்டாபேஸைக் கட்டியவள் அவள்தான். யார் எவ்வளவு நிரல் எழுதினார்கள், எத்தனை பிழை திருத்தினார்கள், யார் கையில் என்ன நிலுவை என்று அது தானாகவே சேர்த்துக்கொள்ளும். வாராவாரம் அதிலிருந்து எடுத்து மேலாளருக்கு வரைபடம் காட்டுவது அவள் வேலை.

மேலாளர் போனதும் இன்னும் கொஞ்சம் தோண்டினாள்.

கிடப்பில் கிடந்ததையெல்லாம் ஒரே வாரத்தில் முடித்திருந்தான். தன் நிரல் ஒவ்வொன்றுக்கும், நாளைக்கு யார் வந்தாலும் புரிகிற மாதிரி விளக்கம் எழுதியிருந்தான். தன்னிடம் மட்டும் இருந்த அனுமதிகளை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்திருந்தான்.

புது வேலை ஒன்றுகூட எடுக்கவில்லை.

வேறு கம்பெனிக்குப் போகிறானோ? அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஹெச்.ஆருக்குப் போன் போட்டாள். ராஜினாமா எதுவும் வரவில்லை என்றார்கள்.

எழுந்தாள். நடக்கத்தான் நினைத்தாள், கால்கள் ஓடின.

அவன் மேசை துடைத்துக் கிடந்தது. நாற்காலி உள்ளே தள்ளியிருந்தது. செல்போன் மட்டும் தனியாக அதிர்ந்துகொண்டிருந்தது. அழைப்பது அவன் அம்மா.

போனை எடுத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரன் ஹெட்போனைக் கழற்றாமலே விரலால் மேலே காட்டினான்.

லிஃப்ட் வருகிற வழியாக இல்லை. படியேறினாள்.

ஒரு தளத்தில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொன்றில் யாரோ காபிக் கோப்பையோடு ஒதுங்கி வழிவிட்டு, "தீயா பிடிச்சிருக்கு?" என்று கேலி செய்தார்.

கடைசித் திருப்பத்தில் ஒரு நொடி நின்றாள். ஏறாமல் இருந்துவிட்டால் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ஏறினாள்.

மொட்டைமாடிக் கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்திருந்தான். காலடிச் சத்தத்துக்குத் திரும்பவில்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகள் எங்கோ போய்விட்டன. அவன் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியாப்பா?"

அவன் தலை அசைந்தது. ஆமாம் என்றா, இல்லை என்றா தெரியவில்லை. பிறகு முழங்காலில் முகம் புதைத்துக் குலுங்கினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

அழுது ஓய்ந்ததும் அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேச வைத்தாள். ஒரு டாக்ஸி பிடித்தாள்.

போகிற வழியில், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டான்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"நிலுவை பார்க்கிறதுதானே என் பொழப்பு" என்றாள்.

மனநல மருத்துவரின் அறை ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. யாரிடமும் வழி கேட்காமல் அவனை அழைத்துப் போனாள். வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, உங்க முறை அடுத்த வாரம்தானே?"

அப்போதுதான் அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.