இரண்டாவது போட்டோ

"போதும்டா ஹீரோ, உன் கண்ணே உனக்குப் பட்டுடப் போகுது!"

விடுதி அறைக் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தான் லெக்சர். எதைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். எதிர்க்கட்டில்காரனுக்கு 'ஹீரோ' என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

தினமும் காலையில் இதே கூத்து. ஹீரோ குளித்துவிட்டு வருவான். ஜன்னலோரம் நின்று, உதட்டோடு சிரித்து ஒரு போட்டோ. பிறகு சட்டையை மாற்றி, வகிட்டை மறுபக்கம் எடுத்துச் சீவி, அலமாரியிலிருந்து வேறொரு போனை எடுத்து, வெறும் சுவர் தெரிகிற மாதிரி நின்று இன்னொரு போட்டோ. இதில் பல்லெல்லாம் தெரியும். அப்புறம் பழைய சட்டையையே மாட்டிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுவான்.

"ஒருத்தனுக்கு எதுக்குடா ரெண்டு போன், ரெண்டு மூஞ்சி?"

"சும்மாதான்."

"யாருடா அவ? இல்ல, ரெண்டு பேரா?"

ஹீரோ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஒரே அறையில் படுத்து எழுந்தும், அவனிடமிருந்து நாலு வார்த்தை வாங்குவது குதிரைக்கொம்பு.

அன்று லெக்சருக்கு செமினார். தொடர்பியல் துறை, கடைசி வருடம். தலைப்பு, 'நவீன சமூகமும் சுயபிம்பமும்'. மேற்கோள்களை எல்லாம் கடகடவென்று ஒப்பித்தான். வகுப்பு கொட்டாவி விட்டது. சட்டென்று காகிதத்தை மடித்து வைத்தான்.

"நாம இப்போ ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசறதில்ல. காட்டிக்கிறோம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான். தினமும் ரெண்டு சட்டை, ரெண்டு வகிடு, ரெண்டு சிரிப்பு. பக்கத்துல இருக்கிற மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டான். ஆனா போனைப் பார்த்துட்டா..."

எப்படிச் சிரிப்பான் என்று நடித்தே காட்டினான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பேராசிரியைகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

"நம்ம ஹீரோதானே?" என்றது கடைசி வரிசை.

லெக்சர் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த நடிப்பு வீடியோவாகி விடுதி முழுக்கச் சுற்றிவிட்டது. சாப்பாட்டு வரிசையில் நாலு பேர் ஹீரோவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். அவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் காலை அவன் எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"என்னடா, இன்னைக்கு ஷூட்டிங் இல்லையா?"

ஹீரோ போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

"கோவமா? நான் உன் பேரைக்கூடச் சொல்லலடா. எல்லாம் ஒரு ஜாலிக்குத்தான்."

"ரெண்டாவது போட்டோ என்னோடது இல்ல." ஹீரோ சுவரிடம்தான் பேசினான். "எங்க அண்ணனோடது."

"அண்ணனா?"

"நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. வேலை பார்த்த ஊர்ல பைக்ல போய்க்கிட்டிருந்தான். லாரி அடிச்சிடுச்சு. அந்த நேரம் பார்த்து அம்மா நெஞ்சுல ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில இருந்தாங்க. எதையும் தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு. அப்போ சொல்லல. இன்னும் சொல்லல."

லெக்சர் எழுந்து உட்கார்ந்தான்.

"அந்த போன் அவனோடது. அதுலேருந்துதான் தினமும் அம்மாவுக்கு அவன் மாதிரி ஒரு போட்டோ அனுப்புறேன். அவனுக்கு எப்பவும் பல்லெல்லாம் தெரியற சிரிப்பு. அதைக் கத்துக்கவே எனக்கு ரொம்ப நாளாச்சு." ஹீரோவின் குரல் உடைந்தது. "நேத்து வீடியோவுல நீ அதே மாதிரிதான்டா சிரிச்சே. அவனையே பார்த்து எல்லாரும் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. காலையில போர்வைக்குள்ளயே சிரிச்சுப் பார்த்தேன். வரமாட்டேங்குது."

லெக்சர் கட்டிலை விட்டு இறங்கி அவன் பக்கம் வந்தான்.

தலையணைக்கு அடியிலிருந்த ஹீரோவின் போன் அடித்தது. 'அம்மா'. அவன் அதை எடுத்து லெக்சரிடம் நீட்டினான்.

"நீ பேசு. குளிக்கிறான்னு சொல்லு."

லெக்சர் போனோடு வராந்தாவுக்கு வந்தான்.

"யாரு, ரூம்ல கூட இருக்கிற தம்பியா? எங்கப்பா அவன்?"

"குளிக்கிறான்மா."

"போட்டோ வரலையேன்னு பார்த்தேன். பெரியவன்கிட்டேருந்தும் வரல."

"அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட்டும்மா. தூங்கிட்டிருப்பாரு. நேத்துகூட இவன்கிட்ட பேசினாரு. நல்லாத்தான் இருக்காரு."



"நீயும் ஆரம்பிச்சிட்டியாப்பா?"

"அம்மா..."

"ரெண்டும் ஒரே முகம்னு ஊரு சொல்லும். பெத்தவளுக்குமா? பெரியவன் போன்லேருந்து வந்த மொத போட்டோவுலயே தெரிஞ்சுபோச்சு, சிரிக்கிறது சின்னவன்னு. போர்வையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன்."

"அப்போ... ஏம்மா அவன்கிட்ட சொல்லல?"

"பெரியவன் போனதுலேருந்து சின்னவன் யார்கூடவும் பேசாம, படுக்கையை விட்டு எந்திரிக்காம கிடக்கிறான்னு அவங்கப்பா டாக்டர்கிட்ட சொல்லி அழுதது என் காதுல விழுந்துச்சு. எனக்காக நடிக்கணும்னாவது எந்திரிக்கிறான். குளிக்கிறான். தலை சீவுறான். எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, அவன் எதுக்குப்பா எந்திரிப்பான்?"

லெக்சர் கதவிடுக்கு வழியாக உள்ளே பார்த்தான். போர்வை அசையவில்லை.

"அவன்கிட்ட மூச்சு விட்டுடாத தம்பி." அந்தக் குரல் இன்னும் தாழ்ந்தது. "குளிக்கிறான்னு சொன்னியே... நிஜமாவே எந்திரிச்சானா?"