இருபது புள்ளி ஒன்பது

வேதாசலம் தன் புது கேமரா போனை சுதர்சனின் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஆபரேட்டர் நூர் முகமது நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மூணாவது தடவை. இன்னிக்கு டிஸ்மிஸ்தான்" என்றார் வேதாசலம். ஜீடிமெட்லாவில் இருந்த அந்த மருந்துத் தொழிற்சாலைக்கு அவர்தான் மேனேஜர்.

"நான் தூங்கல சார். கண்ணு கொஞ்சம் மூடிச்சு, அவ்ளோதான்" என்றார் பக்கத்தில் நின்ற நூர் முகமது. "இருபது வருஷம் நைட் ஷிப்ட் பாத்தவன், பட்டப்பகல்ல எதுக்கு தூங்கப்போறேன்? அடுத்த மாசம் பொண்ணுக்கு நிக்காஹ் சார்."

"போட்டோ பொய் சொல்லுமா பாய்?"

சுதர்சன் இந்தப் பஞ்சாயத்துக்கு வந்தவர் இல்லை. அனலைசர் விற்ற கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர், கோயம்புத்தூர்க்காரர். கூடப் படித்தவர்கள் எல்லாம் மாதாப்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் டூல் பாக்ஸோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

மருந்து தயாராகும் கலத்துக்குள் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அந்த அனலைசர் மிஷின் சொல்ல வேண்டும். அளவு மீறினால் உள்ளே இருக்கும் திரவம் தீப்பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் வாங்கியதிலிருந்து அது ஒழுங்காகச் சொன்ன நாளே கிடையாது.

"உங்களுக்கும் இது மூணாவது தடவை" என்று வேதாசலம் சுதர்சன் பக்கம் திரும்பினார். "இன்னிக்கும் சரியாகலைன்னா மிஷினையும் பாயையும் ஒரே ஆட்டோல ஏத்தி அனுப்பிடுவேன்."

மூவரும் அனலைசர் அறைக்குள் போனார்கள். மிஷினுக்கு வெயில் ஆகாது என்று அதற்கென்றே ஏசி வைத்து, ஜன்னலைப் பலகையால் அடைத்து, கதவு இடுக்கில் ரப்பர் ஒட்டிய சிறிய அறை அது. மனிதர்களுக்குக்கூட அந்தத் தொழிற்சாலையில் அவ்வளவு உபசாரம் நடந்ததில்லை.

சுதர்சன் முதலில் மிஷினைக் கம்பெனி வைத்த பழைய அளவுக்கே திருப்பினார். சரிபார்ப்பதற்கு இரண்டே வேலைதான். மூலையில் நிற்கும் சிலிண்டரிலிருந்து நைட்ரஜனைக் கொடுத்தால் மிஷின் பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டியது. அடுத்து குழாயைச் சும்மா காற்றில் பிடித்தால் இருபது புள்ளி ஒன்பது காட்ட வேண்டும், அது பதினாறரை காட்டியது.

"பாருங்க சார், காத்துல ஆக்ஸிஜன் இருபது புள்ளி ஒம்பதுங்க. சார்மினார்லயும் அதேதான், எங்க ஊர்லயும் அதேதான். இது மட்டும் பதினாறரைங்குது" என்றார் சுதர்சன்.

சுதர்சன் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் திருகி எண்ணை இருபது புள்ளி ஒன்பதுக்கு ஏற்றினார். முந்திய இரண்டு தடவையும் இதையேதான் செய்திருந்தார்.

"சிலிண்டர் தீரப்போவுது சார்" என்றார் நூர் முகமது. "முந்தாநேத்துதான் புதுசு மாத்தினேன்."

"பேச்சை மாத்தாதீங்க பாய்" என்றார் வேதாசலம். சுதர்சனுக்கு அது காதிலேயே விழவில்லை, அவர் இரண்டாவது கொட்டாவியில் இருந்தார்.

வேதாசலம் நூர் முகமதுவின் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க. நான் இங்கயே இருந்து மிஷினையும் பாக்கறேன், பாய்க்கு லெட்டரும் எழுதிடறேன். ஏசி வீணாகுது, கதவைச் சாத்திட்டுப் போங்க."

வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு டீ குடித்ததும் சுதர்சனுக்குத் தலைபாரம் இறங்கியது.

"எனக்கும் டெய்லி இப்டித்தான் சார். இங்க வந்தா ஜம்முனு ஆயிடும்" என்றார் நூர் முகமது. "சார், எதுக்கும் இன்னொரு வாட்டி செக் பண்ணுங்களேன். மிஷின் சரியாச்சுன்னா மேனேஜர் கோபம் கொஞ்சம் இறங்கும்."

பாவமாக இருந்தது. சுதர்சன் எழுந்து போனார், பாயும் கூடவே வந்தார். ஏசி வீணாகக் கூடாதென்று கதவை இம்மியளவு திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு நீளக் குழாயின் நுனியை வெளியே எடுத்தார். அதை வராந்தாக் காற்றில் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"சார், இப்ப எவ்வளவு காட்டுதுங்க?"

இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கேட்டார்.

நூர் முகமது கதவைத் தள்ளித் திறந்தார். மிஷின் இருபத்தாறரை காட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரே வேதாசலம், பேனா பிடித்த கையோடு லெட்டர் மேல் கவிழ்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வராந்தாக் காற்றில் ஆக்ஸிஜன் இருபத்தாறரை இருக்க முடியாது. சுதர்சன் அடைத்த ஜன்னலைப் பார்த்தார், ஓடிப்போய் சிலிண்டரின் கழுத்தில் காதை வைத்தார். உஸ்ஸென்று மெல்லிய சத்தம் கேட்டது.

"பாய், மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க! நைட்ரஜன் கசிஞ்சு ரூம் பூரா நிறைஞ்சு கெடக்குது. இங்க இருக்கிறதே பதினாறரைதான். நான்தான் மூணு வாட்டியும் நல்ல மிஷினைத் திருகிக் கெடுத்துட்டேன். அவரை வெளிய இழுங்க!"

நூர் முகமது நாற்காலியோடு சேர்த்து மேனேஜரை வேப்பமரத்தடிக்கு இழுத்து வந்தார். விசிற வேறு எதுவும் கிடைக்காததால், மேனேஜர் கையில் இருந்த லெட்டரை உருவி அதனாலேயே விசிறினார். அதில் 'நூர் முகமது ஆகிய தாங்கள் பணி நேரத்தில்' என்பது வரை எழுதியிருந்தது.

பேக்கிங் பெண்கள் முதல் வாட்ச்மேன் வரை சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐந்து நிமிஷத்தில் வேதாசலம் கண்ணைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார், நூர் முகமதுவைப் பார்த்தார், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் தூங்கல பாய். கண்ணு கொஞ்சம் மூடிச்சு, அவ்ளோதான்."