நெஞ்சளவு

பியூலா படகின் முன்னால் நின்று மூங்கிலைத் தண்ணீருக்குள் விட்டாள்.

அது இறங்கிக்கொண்டே போய்ச் சேற்றில் தட்டி நின்றது. வெளியே இழுத்து, ஈரம் ஏறியிருந்த இடத்தைத் தன் உடம்போடு வைத்துப் பார்த்தாள். பின்னால் சுக்கானைப் பிடித்தபடி அவள் கணவர் தனசிங் காத்திருந்தார்.

ஆழத்தைச் சொல்லாமல் மூங்கிலை மறுபடியும் உள்ளே விட்டாள்.

கோவளத்து உப்பங்கழியில் காலையில் ஏறிய கடல்நீர் வடியத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரத்துக்குள் இந்த வளைவைத் தாண்டாவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். மறுபடி தண்ணீர் ஏறும்வரை இந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். வேறு எந்த இடமாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே மட்டும் அவளால் முடியாது.

தனசிங் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். கூடவே வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அவரிடம் விட்டுப்போன பாய்ப்படகு இது. கூப்பிடு தூரத்தில் பீர்க்கன்கரணை ஏரி இருக்க, சனிக்கிழமை தவறாமல் புளிச்சோறு கட்டிக்கொண்டு, படகு கிடந்த கேளம்பாக்கத்துக்கு பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்துத் தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும்! இவர்கள் உப்பங்கழி முழுக்கப் பாய் விரித்துச் சுற்றுவார்கள். ஆழம் குறைந்த இடத்தில் இறங்கி, முட்டிச் சேற்றோடு சவுக்குத் தோப்பைக் கடந்து, கடற்கரையில் கால் ஓய நடந்துவிட்டு வருவார்கள்.

ஆழம் சொல்வது எப்போதும் பியூலாதான். அடிக்கணக்கு அவளுக்கு ஆகாது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு, கழுத்து, அவ்வளவுதான். கணக்கு வாத்தியாரும் மறுபேச்சில்லாமல் அதையே தம் வரைபடத்தில் குறித்துக்கொள்வார். நெஞ்சு வரைக்கும் என்றால் இறங்கலாம், கழுத்தென்றால் கூடாது. படகில் இருந்த ஒரே சட்டம் அது.

யாருடைய இடுப்பு, யாருடைய கழுத்து என்று கேட்க வேண்டி வந்ததே இல்லை. இருவரும் இம்மி பிசகாமல் ஒரே உயரம். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை கொஞ்சமாவது உயரமாகத் தெரியட்டும் என்று போட்டோக்காரர் அவர் காலடியில் செங்கல் வைத்தார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கேலி செய்வாள் பியூலா.

இன்றோடு எல்லாம் முடிகிறது. கோவளத்தில் பக்கீர் முகமது படகை எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறார். இத்தனை வருஷமும் இதன் பழுது பார்த்தவர் அவர்தான். முன்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும் ‘தபீதாள்’ என்ற பெயரை மட்டும் அழிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

படகு வளைவுக்குள் நுழைந்துவிட்டது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

“நெஞ்சு,” என்றாள் பியூலா.

தனசிங் சுக்கானைத் திருப்பவில்லை.

“யாரு நெஞ்சு, பியூலா?”

கேட்ட மாத்திரத்தில் கையால் தம் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வருஷமாக அவளை ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், பாவம். படகு அதன் போக்கில் கரையோரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. பியூலா திரும்பவில்லை. அந்தக் கேள்வியை அவள் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, இதே வளைவில், இதே சொல்லைத்தான் சொன்னாள். தன் நெஞ்சைத்தான் சொன்னாள்.

“நெஞ்சுதானேம்மா?” என்று கேட்டுவிட்டு, ஆறு வயதுத் தபீதாள் குதித்துவிட்டாள்.