ராமுத்தாய் கேட்ட சோறு

பஞ்சம்மாளின் மகள் ராமுத்தாய்க்கு வயது ஐந்துதான். நாக்கு மட்டும் ஜமீன் நாக்கு. கம்பங்கூழை வைத்தால், "தொண்டையில வழுக்குது" என்பாள். சோளச்சோறு என்றால், "குத்துது." கீரையைக் கண்டால், "மாட்டுக்குப் போடு ஆத்தா."

"மகாராணிக்கு என்னதான் வேணுமாம்?"

"நெல்லுச்சோறு."

வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காட்டில், அதுவும் உலகச் சண்டைக் காலத்தில், நெல்லுக்கு எங்கே போவது? "வேலைக்குப் போன ஒங்கய்யா ஏலமலையிலருந்து எறங்கட்டும், ஆக்கிப் போடுறேன்" என்று ஆறு மாதமாகப் பஞ்சம்மாள் அவளை ஏய்த்து வந்தாள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு மொக்கம்மாள் எங்கோ அரிசி புரட்டி, ஆவி பறக்க நெல்லுச்சோறும் பருப்புக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ராமுத்தாய் ஒரு சிணுங்கல் இல்லாமல் அள்ளி அள்ளித் தின்றாள். பஞ்சம்மாள் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்ச வேண்டியதில்லை, திட்ட வேண்டியதில்லை. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"பெரியாத்தா, நாளைக்கும் கொண்டாருவியா?"

"மூணு நாளைக்குக் கொண்டாருவேன் தாயி. அதுவரைக்கும் இந்த வீட்டுல அடுப்புப் பத்தவைக்கக் கூடாது."

மொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராமுத்தாய் விரலை நக்கிக்கொண்டே தாயிடம் திரும்பினாள்.

"நீ சொன்னது நெசந்தான் ஆத்தா. அய்யா மலையிலருந்து எறங்குனாக, நெல்லுச்சோறு வந்துருச்சு."

பஞ்சம்மாள் தலையாட்டினாள்.

"நாலாம் நாளும் வேணுமே. அய்யா இன்னொருக்காச் சாவாகளா?"