மூன்றாம் கூண்டு

1979இல் திருப்பதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் கொசு வளர்த்துக்கொண்டிருந்தேன். கொசுவின் உடம்புக்குள் ஒரு கிருமி குடியிருக்கிறது. தாயிடமிருந்து முட்டைக்கு மட்டுமே அது போகும். ஆண் கொசுவுக்கு வந்தால் அதோடு முடிந்துவிடும்.

மூன்றாம் கூண்டுப் பெண்கொசுக்களுக்கு மருந்து கொடுத்து அந்தக் கிருமியை ஒழித்திருந்தேன். ஆணிடம் கிருமி இருந்தால், பெண்ணிடமும் அது இருந்தால்தான் முட்டை பொரியும். கிருமியுள்ள ஆண்களோடு விட்டால் இவை இடும் முட்டை பொரியக் கூடாது. மருந்து கொடுத்த பெண்களைப் புதிது புதிதாக விட்டும் நான்கு மாதமாக ஒன்றுகூடப் பொரியவில்லை.

கூண்டுக்குள் கையை நீட்டிக் கொசுக்களுக்கு இரத்தம் கொடுப்பது கிருபாபாயின் வேலை. சித்தூர்க்காரி. கல்யாணமாகிப் பதினான்கு வருடம், குழந்தை இல்லை.

ஐந்தாம் மாதம் முட்டைகள் பொரிந்தன. நுண்ணோக்கியில் பார்த்தேன். கிருமி திரும்ப வந்திருந்தது. வலையில் ஓட்டை இல்லை. மருந்து கொடுக்காத பெண்கொசு எதுவும் நுழையவில்லை. உள்ளே போய் வந்தது கிருபாபாயின் கை மட்டும்தான்.

"நாளையிலேர்ந்து நீ கை வைக்க வேண்டாம்," என்றேன்.

"இன்னைக்கு மட்டும் குட்த்துர்றேன் மேடம்." முழங்கைவரை உள்ளே விட்டாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். எனக்கு இது மூணாவது மாசம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"சந்தோஷம்," என்றேன்.

"பொண்ணாத்தான் பொறக்கணும் மேடம்."

"ஏன்?"

"ஆம்பளைன்னா அதோட நின்னுபூடும்னு நீங்கதான சொல்லிக்கினு இருந்தீங்க?"

நான் கூண்டைப் பார்த்தேன். இரண்டு நாள் பட்டினி போட்ட கொசுக்கள் அவள் கை முழுக்க உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை.