மூக்குவரை மாப்பிள்ளை

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மாலை வெயில் கம்ப்யூட்டர் திரைமேல் சாய்ந்து விழுகிறது. ஸ்ரீரஞ்சனிக்குப் பார்த்திருக்கும் அமெரிக்கப் பிள்ளையின் படம் தலைமுடியிலிருந்து கோடு கோடாக இறங்குகிறது. நெற்றி வருவதற்குள் கபாலி தேர் நான்கு மாடவீதியும் சுற்றி நிலைக்கு வந்துவிடும். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டு, பிள்ளையின் அம்மா ஆறு மணிக்கு ஃபோன் செய்வாள். இருக்கிற ஒரே ஃபோன் லைனையும் இன்டர்நெட்டுக்காக மோடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்ரீரஞ்சனி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஹார்ட் டிஸ்க் தேங்காய் துருவுவதுபோல் கறகறக்கிறது. “லினக்ஸ் மேல தப்பில்லடி, மெமரி போறல” என்று அண்ணா பரத்வாஜ் ஒவ்வொன்றாக மூடுகிறான்: திரையோரக் கடிகாரம், மவுஸ் போகும் பக்கமெல்லாம் முழிக்கும் பொம்மைக் கண்கள். கடைசியில், திரைப் பின்னணியில் படமாய் நிற்கும் கபாலி கோபுரத்தையும் எடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். துருவல் அடங்குகிறது. நெற்றி வருகிறது, மூக்குக்கண்ணாடி வருகிறது, அதற்குள் இரண்டு கண்கள். மூக்கு நுனியில் படம் மறுபடி நின்றுவிடுகிறது. மணி ஆறாக ஒரு நிமிஷம். “இருடி, இப்போ வாய் வந்துடும்.” “கண்ணு சிரிக்கறதுண்ணா. மீதியை மணையில பாத்துக்கறேன்.” மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கி அவளே ஃபோனில் செருகுகிறாள். “நீ மொதல்ல கபாலியைத் திரும்ப மாட்டு.” ஃபோன் மணி அடிக்கிறது.